கார் சப்வூஃபர்: குறைந்த விலையில் நல்ல ‘பேஸ்’ கிடைக்குமா? வாட்ஸைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

‘அண்ணே, இது எத்தனை வாட்ஸ்?’

ராமநாதபுரமோ, ராமேஸ்வரமோ, கார் ஆக்சஸரீஸ் கடைக்குள் நுழையும் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் முதல் கேள்வி இதுதான். ‘ஆயிரத்து இருநூறு வாட்ஸ் தம்பி, கண்ணாடியே அதிரும்’ என்று பதில் வந்தால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. சில மாதம் கழித்து பாட்டுக்குப் பதில் ‘பட பட’ சத்தம் வரும்போதுதான் சந்தேகம் எழும். குறைந்த விலையில் வாங்கியதுதான் தப்பா? பெரும்பாலும் இல்லை. கடையில் கேட்ட கேள்விதான் தப்பு.

சப்வூஃபர் எதற்கு?

மனிதக் காது கேட்கும் ஒலி 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கார் கதவில் இருக்கும் ஆறு அங்குல ஸ்பீக்கர், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணற ஆரம்பித்துவிடும். தவிலின் தொப்பி, பேஸ் கிட்டாரின் அடிநாதம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த வேலையைத் தனியாக எடுத்துக்கொள்வதுதான் சப்வூஃபர். நல்ல சப்வூஃபர் இருப்பது தனியாகத் தெரியாது. பாட்டு முழுமையாகக் கேட்கும்.

அட்டையில் இருக்கும் வாட்ஸ் உண்மையா?

அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ‘பீக்’ அளவு, அதாவது ஒரு நொடிக்கும் குறைவாகத் தாங்கும் உச்சம். தொடர்ந்து தரக்கூடிய அளவு ‘ஆர்எம்எஸ்’. ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸைப் பார்ப்பது. அதில் 15 என்று இருந்தால் 15 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 210 வாட்ஸ். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். 210 உள்ளே போய் 1,200 வெளியே எப்படி வரும்?

இன்னொரு கணக்கு: வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். எனவே ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 75 முதல் 150 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

டிக்கியிலா, சீட்டுக்கு அடியிலா?

பெரிய எம்டிஎஃப் பெட்டியில் வரும் 10, 12 அங்குல சப்வூஃபர் ஆழமாக அடிக்கும். ஆனால் டிக்கியில் பாதி போய்விடும். சுற்றுலா கார் ஓட்டுபவருக்கு டிக்கிதான் பிழைப்பு. அதோடு, அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரும் குடும்பத்தின் ஈரத்துணி மூட்டை அதே டிக்கிக்குத்தான் வரும். எம்டிஎஃப் என்பது மரநார்ப் பலகை. தண்ணீர் பட்டால் உப்பி, ஒட்டு விட்டு, காற்று கசியும். அப்புறம் வருவது பேஸ் இல்லை, இரைச்சல்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் தட்டையான ‘ஆக்டிவ்’ வகை சீட்டுக்கு அடியில் அடங்கும். உலோகக் கூடு என்பதால் உப்பாது. ஜேபிஎல், சோனி, பயனியர், புளாபங்க்ட் போன்ற நிறுவனங்கள் இவ்வகையை விற்கின்றன. சுமார் 8,000 முதல் 15,000 ரூபாய்க்குள் தேடலாம். கண்ணாடி அதிராது, ஆனால் பாட்டு நன்றாக இருக்கும். பயணிகள் அரிச்சல்முனை மணலையும் ஈரத்தையும் காலோடு கொண்டுவருவார்கள் என்பதால், ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைப்பது நல்லது. அங்கே மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் இணைப்பு. அதைத் தொடவே கூடாது.

உப்புக்காற்று சும்மா விடாது

பாம்பன் பகுதி உலகிலேயே அரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்று. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட அந்த அரிப்பே காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. பாலத்துக்கே இந்த நிலை என்றால், சீட்டுக்கு அடியில் கிடக்கும் வயருக்கு?

விலை குறைந்த வயர்கள் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. வெட்டிய முனையில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் உஷார். மின்தடை அதிகம், உப்பில் சீக்கிரம் அரிக்கும். முழுச் செம்பு வயரே வேண்டும். படகுகளுக்கென வரும், செம்பு இழைகளில் வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் இழையும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

எர்த் இணைப்பில் பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். இது இல்லாமல் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். சப்வூஃபரின் விளிம்பு ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருந்தால் கடலோர வெக்கையில் அதிக நாள் உழைக்கும்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் போடும் ‘டெமோ’ பாட்டை நம்பக் கூடாது. நன்கு தெரிந்த பாட்டு, குறிப்பாக இளையராஜா இசையில் பேஸ் கிட்டார் ஓடும் ஒரு பாட்டு போதும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது. எல்லாம் ஒரே ‘டும்’ ஆகக் கேட்டால் வேண்டாம். மாட்டிய பிறகு ‘லோ-பாஸ்’ அளவை 80 ஹெர்ட்ஸில் வைத்து, ‘கெய்ன்’ திருகைப் பாதிக்கும் கீழே தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். ஸ்பீக்கர்களைச் சாகடிப்பது பெரும்பாலும் முழுக்கத் திருகிய கெய்ன்தான்.

ஊருக்கும் காது உண்டு

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஜன்னலை ஏற்றினாலும் பேஸ் சுவரைத் தாண்டும். விடியும் முன் கடலுக்குப் போக வேண்டியவர் தூங்கும் தெரு அது.

பட்ஜெட் 12,000 ரூபாய் என்றால், மொத்தத்தையும் பெட்டியில் கொட்டாமல் இரண்டாயிரமாவது வயருக்கும் ஃபியூஸுக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இனி மாறட்டும்: ‘அண்ணே, ஆர்எம்எஸ் எவ்வளவு? வயர் முழுச் செம்பா?’