ஸ்ரீராம்புரத்துக்குக் குடியரசு எப்போது வந்தது?

நாடு விடுதலை அடைவதற்கு இருபது நாட்கள் முன்பாகவே பெங்களூரில் ஆங்கிலேயர் ஒரு கணக்கை முடித்துக்கொண்டார்கள். 1947 ஜூலை 26 அன்று கண்டோன்மெண்ட் பகுதி மைசூர் அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 1809 முதல் படைத்தளமாகவும், 1881க்குப் பிறகு பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நேரடி ஆட்சியில் இருந்த தனி நிலப்பரப்பாகவும் விளங்கிய பகுதி அது. ஒரே ஊரில் இரண்டு நகராட்சிகள், இரண்டு நிர்வாகங்கள், நடுவில் கப்பன் பார்க். 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. கோடு அழிந்துவிட்டது என்றுதான் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் வேறொரு கோடு அழியாமல் குடியரசுக்குள் வந்து சேர்ந்தது. அதை ஸ்ரீராம்புரத்தில் இன்றும் பார்க்கலாம்.

பெங்களூர்த் தமிழர் என்றாலே சென்னைப் படையோடு வந்து அல்சூரிலும் தண்டு எனப்படும் கண்டோன்மெண்ட் பக்கமும் குடியேறியவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். ஸ்ரீராம்புரத்தின் கதை வேறு. அது பழைய நகரான பேட்டைப் பக்கம், மகாராஜாவின் எல்லைக்குள் இருந்த பகுதி. இங்கே தமிழர்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் ரயிலுக்கும் மில்லுக்கும் பெரிய பங்கு உண்டு. 1880களில் ஒரு பக்கம் மல்லேஸ்வரத்து ராஜா மில், மறுபக்கம் பின்னி கம்பெனியின் கைக்குப் போன துணி மில் என்று ஆலைகள் எழுந்தன. பின்னாளில் மினர்வா மில்லும் சேர்ந்துகொண்டது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமில்லாத குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஆதிதிராவிடர்கள் கணிசமானவர்கள். சங்கு ஊதினால் நடந்தே மில் வாசலை அடையும் தூரத்தில் குடிசை போட்டார்கள்.

மைசூரில் ஐரோப்பிய ஆதிக்கம் எப்படி இயங்கியது என்பதை இந்தத் தொழிலாளர்களின் நிலையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1799இல் திப்பு வீழ்ந்ததும் போட்ட உடன்படிக்கைப்படி மைசூர் அரசு ஆண்டுக்கு 7 லட்சம் பகோடா (வராகன்) கப்பம் கட்டியது. 1831 முதல் 1881 வரை ஆங்கிலேயக் கமிஷனர்கள் நேரடியாக ஆண்டார்கள். அதன்பின் மகாராஜாவிடம் ஆட்சியைத் திருப்பித் தந்தபோதும் பிடி ஆங்கிலேயரிடமே இருந்தது. பின்னி மில் தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன? முதலாளி வெள்ளைக்காரக் கம்பெனி, சட்டம் மகாராஜாவுடையது. இரண்டுக்கும் நடுவே அவனுக்குப் பிடிமானம் இல்லை. அதே பின்னி கம்பெனியின் பெரம்பூர் மில்களில் 1918இலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது; வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். 1926இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டமும் வந்தது. பெங்களூரிலோ சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1940களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மொழி பேசும் தொழிலாளர்கள். நடுவில் ஒரு சமஸ்தானத்தின் எல்லை. அந்த எல்லையால் ஆதாயம் கண்டது மில் நிர்வாகம்.

இந்தப் பின்னணியில்தான் குடியரசு வந்தது. அதன் முதல் பத்தாண்டுகளைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. 1947 செப்டம்பரில் தொடங்கிய ‘மைசூர் சலோ’ போராட்டத்தால் மகாராஜா பொறுப்பாட்சிக்கு இசைந்தார். தொழிலாளர் தலைவராக இருந்த கே.டி. பாஷ்யம் அமைச்சரானார். சொத்தும் வரியும் பார்த்துத்தான் வாக்கு என்றிருந்த நிலை போய், முதல் பொதுத்தேர்தலில் தறி ஓட்டியவனும் அவன் மனைவியும் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

வாக்கு உடனே கிடைத்தது. காலூன்ற இடம் கிடைக்கவில்லை. 1940களின் இறுதியில் நகரின் தெற்கே ஜெயநகரும், ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்திலேயே ராஜாஜி நகரும் நேர்க்கோட்டுச் சாலைகளோடு திட்டமிட்டு எழுந்தன. ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆலைகள் தம் ஊழியர்களுக்குக் குடியிருப்புகள் கட்டின. புதிய குடியரசின் தொழிலாளி என்றால் படித்த, பொதுத்துறை ஆலையில் சீருடை போட்ட தொழிலாளிதான் என்று ஆட்சியாளர்கள் எண்ணினார்கள் போலும். மில் தொழிலாளியின் சந்து அந்த வரைபடத்துக்கு வெளியே நின்றது. இன்று மெட்ரோவில் ஸ்ரீராம்புரம் நிலையத்தில் இறங்கி உள்ளே நடந்தால் வேறுபாடு கண்ணில் படும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், வாசலிலேயே வரிசை கட்டிய பிளாஸ்டிக் குடங்கள், ஒற்றை அறையின் மேல் அடுக்கிய இன்னோர் ஒற்றை அறை.

இதைவிட ஆழமான காயம் ஓர் ஆணையில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் 1936இல் ஆங்கிலேய அரசு பட்டியல் சாதிகளை மாகாணம் மாகாணமாக வகைப்படுத்தியது. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசு தன் சொந்த ஆணையை வெளியிட்டபோதும் அதே அமைப்பைப் பின்பற்றியது. மைசூர்ப் பட்டியலில் ஆதிதிராவிடர் பெயரும் இருந்தது. ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் அந்தத் தேதியில் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும்தான் என்று பின்னர் விதி வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் சாதித் தகுதியை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. தீண்டாமை ஊருக்கு ஊர் வேறுபடும். வெளியிலிருந்து வருவோர் உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று தலைமுறையாக ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்தை வெளியிலிருந்து வந்தது என்று சொல்வது எந்த நியாயம்? சாதிச் சான்று கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போகும் பெண், தன் பாட்டன் 1950க்கு முன் இங்கே இருந்தார் என்று காட்ட வேண்டும். பாட்டனோ கைநாட்டு. வீடு புறம்போக்கில். பட்டா இல்லை, பத்திரம் இல்லை, பிறப்புச் சான்று இல்லை. டிரங்குப் பெட்டியைத் துழாவினால் மில்லில் கொடுத்த பித்தளை பில்லையோ, மங்கிப்போன பி.எஃப். சீட்டோ கிடைத்தால் உண்டு. எந்த நிலமின்மை அவரை ஊரைவிட்டுத் துரத்தியதோ, அதே நிலமின்மை பேத்தியின் சான்றையும் தடுக்கிறது. கோரமங்களாவில் நேற்று சைட் வாங்கியவரிடம் இருக்கும் காகிதம் இவளிடம் இல்லை.

1956இல் மொழிவழி மாநிலம் அமைந்ததும் இவர்கள் மொழிச் சிறுபான்மையினரும் ஆனார்கள். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது நீங்கள் எந்த ஊர் என்ற கேள்வி தெருவிலேயே எழுந்தது. தாலுகா ஆபீசில் கேட்கப்படுவதும் வேறு சொற்களில் அதே கேள்விதான்.

தீர்வு அரசின் அலமாரியிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம். ராஜா மில்லையும் மினர்வா மில்லையும் 1974ஆம் ஆண்டு நலிந்த ஆலைகள் சட்டத்தின் மூலம் மத்திய அரசு தேசியமயமாக்கியது. மினர்வா முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 1980இல் வந்த புகழ்பெற்ற தீர்ப்பு அந்த வழக்கில் பிறந்ததுதான். ஆலைகள் பின்னர் ஓய்ந்தன. ராஜா மில் நின்ற நிலத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. ஆனால் அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் எந்திரங்களையும் நிலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகங்கள், பதிவேடுகள், ஆவணங்கள் அனைத்தும் அரசுக்கே உரியவை என்று அது சொல்கிறது. எந்தத் தொழிலாளி எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார் என்ற விவரம் இருக்க வேண்டிய இடம் அந்த ஆள்பதிவேடுகள்தான். அவற்றோடு முதல் பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியலையும் மாநகராட்சியின் பழைய பதிவேடுகளையும் வருவாய்த் துறை தானே தேடியெடுத்து ஒப்பிட வேண்டும். நிரூபிக்கும் சுமை மனுதாரரிடமிருந்து துறைக்கு மாற வேண்டும். பதிவேடுகள் அழிந்திருந்தால் அக்கம்பக்கத்து மூத்தவர்களின் வாக்குமூலத்தை வாங்கிச் சான்று வழங்கட்டும். அரசு காப்பாற்றாமல் விட்ட ஆவணத்துக்கு அந்தப் பேத்தி பொறுப்பாக முடியாது.