கவனக்குறைவா, வெளிச்சக்குறைவா?

லேத் பட்டறையில் ஒருவருக்கு விரல் போனால், எழுதி முடித்துக்கொள்ள வசதியான காரணம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது: தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த நேரத்தில் அந்த மெஷின்மீது எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 17ஆம் பிரிவிலேயே வெளிச்சத்தைப் பற்றிப் பேசியது. ஆள் வேலை செய்யும் இடத்தில் மட்டுமல்ல, நடந்துபோகும் இடத்திலும் போதிய வெளிச்சம் வேண்டும். கண் கூசக் கூடாது. விபத்துக்கு வழிவிடும் நிழல் விழக் கூடாது. ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் சுத்தமாக வைக்க வேண்டும் என்றது. கண்ணாடி துடைப்பதைக்கூடச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது!

விளக்கு எரிகிறதே என்பது பதிலாகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் ‘சக்’கின் வேகம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால், ஓடும் சக் நின்றதுபோலத் தெரியும். நின்றுவிட்டது என்று நம்பித்தான் கை நீள்கிறது. அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுப்பது எலக்ட்ரீஷியன்கள் அறிந்த பழைய வைத்தியம். எல்இடி வந்ததும் தொல்லை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மட்டமான டிரைவர் உள்ளவை இன்றும் துடிக்கின்றன. செல்போன் கேமராவில் பார்த்தால் பல நேரம் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். இரவு ஷிப்டில் கரண்ட் போனாலோ, விளக்கு உடனே அணையும். சக் உடனே நிற்காது.

இந்த நிலையில், 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆக 10 தொழிலாளர் போதும் என்றிருந்ததை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. கோவையின் சந்துகளில் ஏழெட்டுப் பேரை வைத்து ஓடும் பட்டறைகள் முன்பும் ‘தொழிற்சாலை’ என்ற கணக்கில் வரவில்லை; இனி 15 பேர் பட்டறையும் அவற்றோடு சேரும். விளக்கு மோசமாக இருக்க வாய்ப்புள்ளதும் இத்தகைய இடங்களில்தான்.

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றும் எட்டாத விலைப் பொருளல்ல. ஒவ்வொரு விபத்து விசாரணையிலும், விபத்து நடந்த நேரத்தை ஒத்த வேளையில், அதே மெஷினருகே வெளிச்சத்தை அளந்து பதிவு செய்வதைத் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும். அந்த எண் இல்லாத அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுத எந்த அதிகாரிக்கும் அனுமதி இருக்கக் கூடாது.