பர்ஸைப் பிடிச்சுக்கிட்டே பார்த்த குளம்

ஐரோப்பா போற நம்மாளுங்க பயணக் கட்டுரைல ஒரு வரி கண்டிப்பா இருக்கும்: "ஜிப்சிங்க ஜாக்கிரதை, பர்ஸ் பத்திரம்". நானும் அப்படி எழுதினவன்தான்.

பெர்லின்ல நாடாளுமன்றக் கட்டிடத்துக்குப் பக்கத்துலயே ஒரு வட்டக் குளம். கருப்பா தண்ணி, நடுவுல முக்கோணக் கல், அதுமேல தினமும் ஒரு புதுப் பூ. நாஜிகள் கொன்ற சின்டி, ரோமா மக்களோட நினைவிடம். முகாம்ல அவங்க சட்டைல தைச்ச முக்கோணம்தான் அந்தக் கல். நடந்தது இனப்படுகொலைன்னு மேற்கு ஜெர்மனி ஒத்துக்கிட்டதே 1982-லதான்; இந்தக் குளம் திறந்தது 2012-ல. செக் நாட்டுல இன்னும் மோசம். லெட்டி முகாம் இருந்த இடத்துல பன்றிப்பண்ணை நடத்தினாங்க, 2022-லதான் இடிக்க ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் தெரிஞ்சுதான் போனேன். ஆனா குளத்துகிட்ட நிக்கும்போதும் என் கை பர்ஸ் மேலதான் இருந்துச்சு.

ரோமானி மொழில மனுஷன் 'மனுஷ்', தண்ணி 'பானி'. சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடி வட இந்தியாவுலேர்ந்து போனவங்க. அதுக்காக "நம்ம சொந்தக்காரங்க"ன்னு புல்லரிக்கவும் வேணாம். சொந்தமா இருந்தாத்தான் மரியாதையா? பெரும்பாலானவங்க தலைமுறையா ஒரே ஊர்ல வீடு வாசலோட இருக்கறவங்க; 'நாடோடி'ங்கறது நாம ஒட்டின பேர். சென்ட்ரல்ல பர்ஸ் போனா வெறும் 'திருடன்'னுதானே எழுதறோம்?

பழைய பதிவுல அந்த வரியை நேத்து அடிச்சுட்டேன். அழிக்கலை, கோடு மட்டும்தான். எழுதினது நான்னு தெரியணும்ல.