வந்து போனவனுக்கு ஊசி எதற்கு?

மில் கேட்டுக்கு எதிரேயுள்ள டீக்கடையில் இரண்டு பேச்சுக்கள் இன்றும் அடிபடுகின்றன. "எனக்குக் கொரோனா வந்து போய்விட்டது. வந்து போனவனுக்கு ஊசி எதற்கு?" என்கிறார் ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு தோழர். பக்கத்திலிருப்பவர், "நான் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். அப்புறமும் வந்ததே! ஊசியால் என்ன பிரயோஜனம்?" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுக்கப்போவது அவர்கள்தான். அல்லது வீட்டிலிருக்கும் வயதான தாயார். ஆகவேதான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை வந்த வியாதி மறு தடவை வராது என்பது நம் பாட்டிமார்கள் சொல்லிக்கொடுத்த பாடம். பெரியம்மையில் பிழைத்தவருக்கு அது அநேகமாகத் திரும்ப வந்ததில்லை. தட்டம்மையும் அப்படியே. இது மூடநம்பிக்கை அல்ல, அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால் எல்லாக் கிருமிக்கும் ஒரே குணமா? நமக்கு ஜலதோஷம் இதுவரை எத்தனை தடவை வந்தது என்று யாராவது எண்ணி வைத்திருக்கிறோமா? ஜலதோஷத்தை உண்டாக்கும் கிருமிகளில் நான்கு, கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை பிடித்த ஆளையே ஒரு வருஷம் கழித்து மீண்டும் பிடிப்பது அவற்றின் வழக்கம். 2019 இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் தலைகாட்டிய கிருமி அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. திரும்பத் திரும்ப வரும் குணத்தில் அது ஜலதோஷத்தின் தம்பி; ஆளைக் கொல்வதில் அம்மையின் பங்காளி.

உடம்புக்குள் நடப்பதை விவசாயத் தொழிலாளர்களுக்கு விளக்குவது சுலபம். களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது ராக்காவல் போடுகிறோம். நெல் வீடு சேர்ந்ததும் காவல்காரர்கள் கலைந்துவிடுகிறார்கள். வருஷம் பூராவும் களத்தில் நிற்க யாரால் முடியும்? நோய் வந்தாலும் ஊசி போட்டாலும் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் இந்தக் காவலைப் போன்றது. சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் திருடனின் முகம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரத்தத்தில் உள்ள சில அணுக்கள் அந்த முகத்தை வருஷக்கணக்கில் மறப்பதில்லை. மறுபடி அவன் வந்தால் ஒரு கூக்குரலில் ஊர் திரண்டுவிடும். அதற்குள் அவன் வேலியைத் தாண்டியிருப்பான், இரண்டு மரக்கால் நெல்லும் அள்ளியிருப்பான். அதுதான் ஊசி போட்ட தோழருக்கு வந்த மூன்று நாள் காய்ச்சல். ஆனால் களத்தையே கொளுத்திவிட்டுப் போக அவனால் முடியாது. திருடன் வேஷம் மாற்றிக்கொண்டு வந்தால் அடையாளம் காணக் கொஞ்சம் தாமதமாகும். கிருமியும் வேஷம் மாற்றுகிறது.

அப்படியானால் நோய் வந்து கிடைக்கும் பாதுகாப்புக்கும், ஊசியால் கிடைக்கும் பாதுகாப்புக்கும் என்ன வித்தியாசம்? ஊசி, திருடன் வருமுன்பே அவன் படத்தை ஊராருக்குக் காட்டிவிடுகிறது. மற்றது, அவன் வீடு புகுந்து ஆளை வெட்டிப் போட்ட பிறகு முகம் தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்வது உண்மைதான். வெட்டுப்பட்டவன் பிழைத்தானா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பிரேசில் நாட்டில் இரண்டு ஊர்கள் பதில் சொல்லியிருக்கின்றன.

ஒன்று மனௌஸ். அமேசான் காட்டின் நடுவே இருபது லட்சம் பேருக்கு மேல் வாழும் தொழில் நகரம். மோட்டார் சைக்கிளும் மின் சாதனங்களும் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். 2020 ஏப்ரல், மே மாதங்களில் வியாதி அந்நகரைச் சூறையாடியது. புல்டோசரை வைத்துச் சவக்குழி தோண்டினார்கள். பிறகு அலை தணிந்தது. ரத்த தானம் செய்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்த விஞ்ஞானிகள், அக்டோபருக்குள் நகர மக்களில் சுமார் 76 சதவீதம் பேருக்கு வியாதி வந்து போயிருக்கலாம் என்று கணக்கிட்டனர். நாலில் மூன்று பேருக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்ற பேச்சு எழுந்தது. டிசம்பரில் கடைகளை அடைக்க மாகாண கவர்னர் உத்தரவு போட்டார். வியாபாரிகள் தெருவில் இறங்கியதும் அந்த உத்தரவை அவரே வாபஸ் வாங்கினார்.

2021 ஜனவரி 14-ந் தேதி மனௌஸ் ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. படுக்கையிலேயே மூச்சுத் திணறி மாண்டார்கள். வீட்டில் படுத்திருந்தவர்களுக்காகக் குடும்பத்தார் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார்கள். அண்டை நாடான வெனிசுலா லாரிகளில் ஆக்சிஜன் அனுப்பி உதவியது. முதல் அலையைவிட இரண்டாவது அலை அதிகம் பேரைக் கொண்டுபோயிற்று. காரணம் என்ன? 76 என்ற கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். முதல் அலையில் பெற்ற பாதுகாப்பு எட்டு மாதத்தில் தேய்ந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நவம்பர் வாக்கில் அந்த நகரிலேயே கிருமி வேஷம் மாற்றியது. காமா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இவ்வளவும் நடந்து ஐந்து மாதம் ஆன பிறகு, 2021 ஜூனில், அந்நாட்டின் அன்றைய ஜனாதிபதி பொல்சனாரோ என்ன சொன்னார் தெரியுமா? நோய் வந்து போனவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்களுக்குச் சமம், ஊசியைவிட மேலான பாதுகாப்பே பெற்றுவிட்டார்கள் என்றார்! செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. பிரேசிலில் மாண்டவர் தொகை 2023 மார்ச்சில் ஏழு லட்சத்தைத் தொட்டது.

இன்னொரு ஊர் செர்ரானா. சா பாவுலோ மாகாணத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே சுமார் 45,000 பேர் வாழும் சிற்றூர். ஜனங்களில் பலர் தினமும் பக்கத்துப் பெரிய நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போய் வருகிறவர்கள். வியாதியும் அவர்களோடு பஸ்ஸில் வந்து போயிற்று. 1901 முதல் இயங்கும் புட்டான்டன் என்ற பொதுத்துறை ஆராய்ச்சி நிலையம் 2021 பிப்ரவரியில் அங்கே இறங்கியது. ஊரை நான்கு வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக, பெரியவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு ஏப்ரலுக்குள் இரண்டு ஊசியும் போட்டு முடித்தார்கள். அதே காமா கிருமி நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. செர்ரானாவில் நோய் 80 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவது 86 சதவீதம் குறைந்தது. மரணம் 95 சதவீதம் குறைந்தது. ஊசி போடாத குழந்தைகளிடமும் நோய் குறைந்தது.

அங்கே போட்ட ஊசி உலகத்திலேயே பலமான ஊசியும் அல்ல. நோய் வராமல் தடுக்கும் சக்தி பிரேசில் சோதனையில் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். ஆனாலும் ஊரே சேர்ந்து போட்டபோது பலன் இப்படி.

எங்கோ பிரேசில் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் மே பாதி வரை தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் 1,17,524 பேரின் விவரத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தார்கள். ஊசியே போடாதவர் 17,059 பேர். அவர்களில் 20 பேர் கொரோனாவில் மாண்டனர். ஒரு ஊசி போட்டவர் 32,792 பேர், மாண்டவர் 7. இரண்டு ஊசியும் போட்டவர் 67,673 பேர், மாண்டவர் 4. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஊழியர்களிடம் அதே மாதங்களில் எடுத்த கணக்கும் இதே கதையைச் சொல்கிறது: இரண்டு ஊசி போட்டவர்களுக்கு நோய் வருவது 65 சதவீதம்தான் குறைந்தது, ஆக்சிஜன் தேவைப்படுவதோ 92 சதவீதம் குறைந்தது. "போட்டும் வந்ததே" என்கிற தோழர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

முதல் தோழருக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் மறைப்பதற்கில்லை. நோய் வந்து பிழைத்தவருக்கு, இரண்டு ஊசிக்குக் குறையாத பாதுகாப்பு உண்டு. 19 நாடுகளில் நடந்த 65 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2023 பிப்ரவரியில் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை வெளியிட்ட கட்டுரை இதை ஒப்புக்கொள்கிறது. நோய் வந்து பத்து மாதம் ஆன பிறகும், பழைய கிருமிகள் மீண்டும் தொற்றுவதற்கு எதிராகச் சுமார் 79 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தது. அதற்கெதிரே அதே பாதுகாப்பு 36 சதவீதமாகச் சரிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகாமல் காப்பது மட்டும் 89 சதவீதத்தில் நின்றது. வேலி போயிற்று, ஊர்க்கட்டு நின்றது. நோயும் வந்து ஊசியும் போட்டவர்களுக்குத்தான் இரண்டிலும் பலமான காப்பு. ஆகவே வந்து போனவர் ஊசி போட்டுக்கொண்டது வீணல்ல.

தொற்றிலும் பாதுகாப்பு உண்டு என்ற இந்த உண்மையைத்தான் சிலர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்காவில் கிரேட் பாரிங்டன் என்ற ஊரிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஆபத்துக் குறைந்தவர்கள் வழக்கம்போல் வேலைக்குப் போகட்டும், நோய் வந்து பாதுகாப்புப் பெறட்டும். கிழவர்களை மட்டும் தனியே காப்போம் என்றது அது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் கிழவரை எந்த மூலையில் தனியே வைப்பது? அறிக்கை எழுதியவர்கள் அதைச் சொல்லவில்லை.

நம் சர்க்காரின் கதையையும் சொல்லவேண்டும். 2021 மே முதல் தேதியிலிருந்து, 45 வயதுக்குட்பட்டோருக்கான ஊசியை மாநிலங்களே விலை கொடுத்து வாங்கவேண்டும் என்றார்கள். மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த கோவிஷீல்டு, மாநிலங்களுக்கு 300 ரூபாய்! இந்தக் கொள்கையைத் தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று சுப்ரீம் கோர்ட் மே 31-ல் கண்டித்தது. ஜூன் 21 முதல்தான் எல்லோருக்கும் இலவசம் என்றாயிற்று. அடுத்த வருஷம் மூன்றாவது ஊசியிலும் அதே கதை. 2022 ஏப்ரலில், 60 வயதுக்குக் கீழே உள்ள மற்றவர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஊசி விலை 225, போடுகிற கூலி 150 வரை. மொத்தம் 375 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கென்று நிர்ணயித்த தினக்கூலி 281. ஜூலையில் இலவசமாக்கினார்கள், அதுவும் 75 நாளைக்கு. நாட்டில் இரண்டு ஊசி போட்டவர் 95 கோடிக்கு மேல். மூன்றாவது ஊசி போட்டவர் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்கிறார்கள். ஒன்றேகால் நாள் கூலிக்கும் மேலே கொடுத்து அக்கறை காட்டச் சொன்னது யார்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ல் அவசர நிலையை முடித்தது. கிருமி முடியவில்லை, 2025 மே, ஜூன் மாதங்களில்கூட நம் நாட்டில் தலைகாட்டிவிட்டுப் போனது. இன்று வாலிப வயதினருக்கு அது பெரும்பாலும் காய்ச்சலோடு போய்விடுகிறது. வயதானவர்கள், சர்க்கரை வியாதியும் இருதயக் கோளாறும் உள்ளவர்கள், பஞ்சு தூசியால் நெஞ்சு கெட்டுப்போன பழைய மில் தொழிலாளர்கள் ஆகியோர் விஷயம் வேறு. இவர்கள் டாக்டரைக் கேட்டு மறு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அது சர்க்கார் ஆஸ்பத்திரியில், காசில்லாமல், கேட்ட நாளில் கிடைக்கவேண்டும்.

இரண்டாம் தடவை வந்தாலும் அது வியாதிதான். "உனக்குத்தான் முன்பே வந்துவிட்டதே, இது சும்மா சளி" என்று மேஸ்திரி சொன்னால், இருமலோடு ஷிப்டுக்குப் போகாதீர்கள். பக்கத்து மிஷினில் நிற்பவரின் வீட்டிலும் கிழவி இருக்கிறாள். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள மில் தொழிலாளிக்கு, டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பெறும் உரிமை இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வயலில் வேலை செய்யும் தோழருக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை. காய்ச்சலோடு நடவுக்கு இறங்குவதா, அடுப்பை அணைப்பதா என்று அவர் காலையில் எழுந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விவசாயத் தொழிலாளர்களுக்கும் நோய்க்கால உதவித்தொகை வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த கிராமக் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.