ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

எங்க மும்பை ஆஸ்பத்திரி லேபில் மறுபடியும் டூட்டி சார்ட் பஞ்சாயத்து. "பார்ட் டைம்காரங்க பாதி நாள் வீட்லதானே இருக்காங்க, சனி ஞாயிறு அவங்களே பார்க்கட்டும்" என்கிறார்கள் ஃபுல் டைம் ஆட்கள்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பிள்ளைகள் வீட்டில் இருப்பது ஞாயிறுதான். செவ்வாய்க்கிழமை ஓய்வு அதற்கு ஈடாகுமா? இதே ஊரில் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890-ல் வாங்கித் தந்த விடுமுறை அது.

கணக்கு எளிது. வாரம் 48 மணி நேரம் பார்ப்பவருக்கு மாதம் 2 ஞாயிறு டூட்டி என்றால், 24 மணி நேரக்காரருக்கு ஒன்று. வார இறுதிக்கென்றே சேர்ந்தவர்கள் தனி. போன பொங்கலுக்கு டூட்டி பார்த்தவருக்கு இந்தப் பொங்கலுக்கு லீவு.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. பண்டிகை சார்ட்டை அதற்கு முன் ஒட்டுங்கள் சாமி, ஊருக்கு டிக்கெட்டாவது போடுவோம்!