ஒதுக்கி வைத்தலும் ஊட்டி வளர்த்தலும்

கடல்வழி வாணிகத்தால் செழித்த நகரங்கள், அதே கடல்வழியே வந்த கொள்ளைநோயின் கொடுமையையும் கண்டன. இன்று துப்ரோவ்னிக் என வழங்கும் இரகூசா நகரத்தார் 1377ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தனர். நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஊருக்குப் புறத்தே தங்கிய பின்னரே உள்ளே வரலாம் என்பது அவ்விதி. பிற்காலத்தில் முப்பது நாள் நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் ‘குவரந்தா’ என்னும் இத்தாலியச் சொல்லின் அடியாகவே ‘குவாரண்டைன்’ என்னும் சொல் பிறந்தது.

நம் கடற்கரைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர், மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டு, நோயில்லை எனத் தெளிந்த பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். பின்னாளில் அதே மண்டபம் முகாமில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வேர்கொண்டது. அதன் தலைமையிடம் 1971இல் கொச்சிக்கு மாறிய பின்னும், மண்டபத்தில் ஆய்வு தொடர்ந்தது. கோமாளி மீன் போன்ற அழகு மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறைகள் அங்கே உருவாயின. மனிதரை ஒதுக்கி வைத்த ஊரே மீனை ஊட்டி வளர்க்கக் கற்பித்த ஊருமாயிற்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி உவர்நீர்த் தொட்டியில் சிறுமீன் உயிர் வாழாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மறைந்து வரும் பகை

கடல்நீர்த் தொட்டி அமைப்போர் பலர் புதிய மீனை வாங்கியவுடன் பழைய மீன்களோடு விட்டுவிடுகின்றனர். பார்வைக்கு நலமாய் இருக்கும் மீன் நலமாகவே இருக்கும் என்பது அவர்தம் துணிபு. வெண்புள்ளி நோய் இத்துணிபைப் பொய்யாக்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணி ஒன்று மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து, உப்புத் தூவியது போன்ற புள்ளிகளைத் தோற்றுவிக்கிறது. சில நாளில் அப்புள்ளிகள் மறையும். நோய் நீங்கியதென்று வளர்ப்பவர் மகிழ்வார். உண்மையில் நோய் நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. மீனை விட்டு அகன்ற ஒட்டுண்ணி, தொட்டியின் அடியிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பெருகி மீண்டும் மீனைத் தேடி வரும். இதனால்தான் புதிய மீனை நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பர். முற்காலத்தார் கண்ட நாற்பது நாள் கணக்கும் இதுவும் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்தமை வியப்பிற்குரியது.

மருந்தே உணவைக் கொல்லும்

ஆயின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நோயுற்ற மீனுக்கு இடும் மருந்துகளுள் முதன்மையானது தாமிரம். அது ஒட்டுண்ணியைக் கொல்லும். இறாலையும் பவள உயிரையும் நுண்ணிய கடலுயிர்களையும் சேர்த்தே கொல்லும். மணலும் பவளக்கல்லும் அதனை உறிஞ்சிக் கொள்ளும். ஆதலின் தனித்தொட்டி கல்லும் மணலும் இன்றி வெறுமையாய் இருக்கிறது. பெரிய மீனுக்கு இவ்வெறுமை தீங்கன்று. எறிந்த உணவை அது உண்டுவிடும். சிறுமீனின் நிலையோ வேறு.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் வாழும் மாண்டரின் மீனை எண்ணிப் பார்ப்போம். விரலளவே உள்ள அம்மீனின் நீலமும் செம்மஞ்சளும் கண்டோரைக் கவர்வன. அது நாள் முழுதும் கல்லிடுக்குகளைக் கொத்திக் கொத்தி, கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளை உண்டு வாழ்வது. குருணை உணவு கண்முன் மிதப்பினும் அதனை உணவென்றே அறியாது. கடற்குதிரைக்கோ இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. உண்டது விரைந்து கழிந்துவிடுவதால் அது அடிக்கடி உண்டாக வேண்டும். நம் நாட்டில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்குதிரையைக் காத்து வருவதால், அதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும் என்பதையும் இங்கே நினைவில் கொள்வது நலம்.

இத்தகைய மீனை வெறுந்தொட்டியில் நாற்பது நாள் வைத்தால் நோய் அணுகாமல் இருக்கலாம். பசி அணுகாமல் இராது. இதனைக் கண்ட சிலர், மாண்டரின் மீனுக்குச் செதில் இல்லை, தடித்த கோழை போர்த்திய உடல் உண்டு, வெண்புள்ளி நோய் எளிதில் பற்றாது, ஆதலின் நேரே பெருந்தொட்டியில் விடலாம் என வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் எளிதில் பற்றாது என்பது ஒருபோதும் பற்றாது என்பதாகாது. அதனோடு வரும் நீரும், அதன் உடலும் பிற மீன்களுக்கு நோயைக் கொணரக்கூடும். ஒன்றைப் பசியிலிருந்து காக்கப் பலவற்றை நோய்க்கு ஈடாக வைப்பது முறையன்று.

செய்யத் தக்கன

தீர்வு அரிதன்று, பொறுமையை வேண்டுவது. முதலில் உணவை வளர்க்க வேண்டும். பின்னரே மீனை வாங்க வேண்டும். ஆர்டீமியா முட்டைகள் உலர்ந்த பொடியாய்க் கிடைக்கின்றன. காற்றுக் குமிழி ஓடும் உப்புநீரில் இட்டால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக் குஞ்சுகள் பொரியும். பொரித்தவுடன் ஊட்டுவதே சிறப்பு. மணி கடக்கக் கடக்கக் கருவுணவு கரைந்து அதன் ஊட்டம் குன்றும். அதனை மட்டுமே நம்புதலும் ஆகாது. கடல்மீனுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் ஆர்டீமியாவில் குறைவு. ஆதலின் நுண்பாசி ஊட்டிய கோப்பிபாடுகளைத் தனிக் கலத்தில் பல வாரம் முன்னரே பெருக்கி வைத்தல் வேண்டும்.

தனித்தொட்டியும் முன்னரே பக்குவப்பட்டிருக்க வேண்டும். நன்மை செய்யும் பாக்டீரியா குடியேறிய பஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ளச் சில பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், மங்கிய ஒளி ஆகியவை போதும். உணவைச் சிறிது சிறிதாய் நாளுக்குப் பல வேளை இட்டு, எஞ்சியதை உடனே அகற்றி, நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். இன்றேல் அழுகிய உணவிலிருந்து எழும் அம்மோனியா நோயினும் விரைந்து கொல்லும். உயிருணவு உண்ணத் தேறிய மீனுக்கு உறைந்த உணவைச் சிறிது கலந்து பழக்கலாம். நோய்க்குறி தோன்றாத மென்மீனுக்குத் தாமிரம் இடாது கண்காணிப்பதே தக்கது. வயிறு ஒட்டுகிறதா என்பதை நாள்தோறும் நோக்க வேண்டும். ஒட்டிய வயிறு பிழையாத சான்று.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

வசதியுள்ள இல்லங்களிலும், கல்விக்கூடங்களின் வரவேற்பறைகளிலும் கடல்நீர்த் தொட்டி அணிசெய்கிறது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அழகை விரும்புதல் மனித இயல்பு. ஆனால் கடலில் தன் இரையைத் தானே தேடிக்கொண்ட உயிரை நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அடைத்த நாள் முதல் அதன் பசி நம் பொறுப்பாகிறது. மீன் குரலெடுத்து அழுவதில்லை. அதனால் அதன் பட்டினி நம் செவிக்கு எட்டுவதில்லை. அழுகுரல் இல்லாத பசிக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவரே வளர்ப்பவர்.

ஆகவே மாணவ நண்பர்களும் பெற்றோரும் விலையைக் கேட்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இம்மீன் கடையில் என்ன உண்கிறது? நம் கண்முன் உண்டு காட்டுமா? தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன் கிடைக்குமா? தொட்டியிற் பிறந்த மீன் நாம் தரும் உணவுக்கு எளிதில் பழகும். கடலும் தன் செல்வத்தை இழக்காது. இவற்றுக்கு விடை கிடைத்து, வீட்டில் உணவுக் கலமும் தனித்தொட்டியும் ஆயத்தமாய் இருப்பின் மீனை வாங்குக. இல்லையேல் அதனை வாங்காது விடுவதே அம்மீனுக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.