ஆடுகளம் யாருடையது?



கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த நம்மில் எவரும் இரண்டு பெயர்களை அறியாமல் ஓராண்டைக் கழிக்க முடியாது. ஒன்று, 1889இல் பிறந்த மோகன் பகான்; மற்றொன்று, 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். அவை மோதும் நாளில் விடுதியே இரண்டாகிவிடும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தீர்களா? அவை மோதும் சால்ட் லேக் மைதானம் அவ்விரண்டில் எதற்கும் சொந்தமன்று, அரசின் உடைமை. மைதானத்துச் சாவி ஒரு கட்சியின் இடுப்பிலே தொங்கினால் ஆட்டம் என்னவாகும்?

கணிப்பொறி விளையாட்டு உலகில் நேர்ந்தது அதுவே. வால்வ் நிறுவனம் 2003இல் 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுக் கடையைத் திறந்தது. கடை அவர்களுடையது, கடை நின்ற நிலமோ மைக்ரோசாப்டின் விண்டோஸ். தனக்கென ஒரு கடையோடு விண்டோஸ் 8 வரவிருந்த 2012இல், வால்வின் தலைவர் கேப் நியூவெல், முன்பு மைக்ரோசாப்டிலேயே பணியாற்றியவர், அது இத்துறைக்கே பெருங்கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். நிலக்காரனே எதிரில் கடை விரித்தால் குடியிருப்பவன் அஞ்சாமல் என்ன செய்வான்?

அவர் நாடியது எவருக்கும் தனியுடைமையல்லாத லினக்ஸை. முதல் முயற்சி தோற்றது. 2015இல் வந்த ஸ்டீம் மெஷின்களை வாங்குவோர் அரிதாயினர். லினக்ஸில் ஓடும் ஆட்டங்கள் குறைவு. 2018இல் புரோட்டான் வந்தது. விண்டோஸுக்கென எழுதிய ஆட்டத்தை லினக்ஸில் ஓட வைக்கும் துபாஷி அது. 1993 முதல் தன்னார்வலர் பலர் உழைத்து வளர்த்த 'வைன்' அதன் அடித்தளம். 2022இல் ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவி வந்தபின், லினக்ஸில் விளையாட்டு வெறுங்கனவன்று என்பது உலகுக்கு விளங்கிற்று.

இதில் நமக்கென்ன என்பீர்கள். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், ஊரில் அரசு தந்த மடிக்கணினியில் இருந்ததே, நினைவிருக்கிறதா? "இதில் கேம் ஓடாது" என்று சொல்லி அதை அழித்தவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய கணிப்பொறிகள் நம் அறைகளில் எத்தனை! புதியது வாங்கப் பணம் கேட்டு வீட்டுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் ஏற்றினேன், பாடமும் நடக்கிறது, ஆட்டமும் நடக்கிறது.

எல்லாம் நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வாலரண்ட் ஆடும் தோழர்களுக்கு இன்னும் விண்டோஸே கதி. வால்வும் வள்ளல் அன்று. விற்கும் நூறு ரூபாயில் பொதுவாக முப்பதை எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பதோ ஆடும் உரிமம் மட்டுமே. ஒரு நிலக்காரனை விட்டு இன்னொரு நிலக்காரனைக் கும்பிடுவதா விடுதலை? நாம் கொண்டாட வேண்டியது வால்வை அன்று. இரு பெரியவர்களின் சண்டையில் வலுப்பெற்ற அந்தப் பொது மைதானத்தை.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்: பூஜை விடுமுறைக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பழைய கணிப்பொறி உள்ளவர்கள் கொண்டு வரட்டும். அறிந்தவர்கள் அறியாதவர்களுக்கு ஏற்றித் தரட்டும். முதல் ஆளாக நான் வருகிறேன்.